ரோசம்மாவுக்குத் தாங்குசக்தி அதிகம்

பிப்ரவரி 10, திங்கள்

நரம்பு டாக்டர் தினமும் எழுதச் சொல்லிவிட்டார். அப்பாவுக்கு எத்தனை மணிக்கு மாத்திரை, எத்தனை மணிக்கு நடுக்கம் அடங்குகிறது, எப்போது திரும்ப ஆரம்பிக்கிறது, விழுந்தாரா, தூங்கினாரா. மூன்று மாதம் கழித்து நோட்டோடு வரவேண்டுமாம். ஆபீஸில் கொடுத்த டைரி சும்மா கிடந்தது, எடுத்துவிட்டேன்.

காலை 6 மாத்திரை. 6.50க்குக் கை அடங்கியது. 10 மாத்திரை. 1.30க்கு நடுக்கம் (முத்துக்கனி அக்கா சொன்னது). 2 மாத்திரை. மாலை 6 மாத்திரை. விழவில்லை.

முத்துக்கனி அக்கா பகலில் அப்பாவைப் பார்த்துக்கொள்ள வருகிறவர். ஒன்பதுக்கு வந்து ஆறுக்குப் போவார். அதற்கு முன்னும் பின்னும் நான். ஒன்பது வருஷமாக இதே டூட்டி.

கொச்சி லெட்டர் இன்று வந்தது. மூன்றாம் தடவை. அங்கே கிளைக்கு நான் பொறுப்பாகப் போகவேண்டும், மே முதல் வாரம் சேரவேண்டும், ஏப்ரல் 21க்குள் பதில். இதற்குமேல் கேட்கமாட்டோம் என்று மேனேஜர் வாயாலேயே சொல்லிவிட்டார். முடியாது என்று எழுதிக் கொடுக்க ஐந்து நிமிஷம் போதும். நாளைக்குக் கொடுத்துவிடலாம்.

பிப்ரவரி 15, சனி

மாத்திரை நான்கு வேளையும் சரி. மலச்சிக்கல், மூன்றாம் நாள்.

டி.வி.க்கு அடியில் அல்போன்ஸ் வைத்துவிட்டுப் போன கேம் மெஷின் இருக்கிறது. அல்போன்ஸ் என் தம்பி, சென்னை போரூரில் இருக்கிறான். அவன் மகள் மெர்லின் ப்ளஸ் டூ. ஊரில் மற்றவர்கள் பிள்ளை படிக்கவேண்டுமென்று கேபிளைப் பிடுங்குவார்கள், போனைப் பூட்டிவைப்பார்கள். இவன் கிறிஸ்துமஸுக்கு வரும்போது மெஷினையே தூக்கிக்கொண்டு வந்து அறுநூறு கிலோமீட்டர் தள்ளித் தூத்துக்குடியில் ஒளித்துவைத்திருக்கிறான். மாதம் ஒருமுறை ஆன் பண்ணிவை, சும்மா கிடந்தால் கெட்டுப்போகும் என்று எனக்குச் சொல்லிக்கொடுக்க அரைமணி நேரம் செலவழித்தான். அப்பாவுக்கு என்ன மாத்திரை என்று கேட்க நேரமில்லை.

சரி, சொன்னானே என்று ஆன் பண்ணினேன். உள்ளே ஒரு விளையாட்டு இருந்தது. இருட்டுக் கோட்டை, மழை, யாரோ அழுகிற சத்தம். புது ஆள் வேண்டுமா என்று கேட்டது, ஆமாம் என்றேன். பெயர் கேட்டது. நாற்காலியில் இருந்த அப்பாவிடம் என்ன பெயர் வைக்கலாம் என்றேன்.

"ரோசம்மான்னு வை" என்றார்.

ரோசம்மா எங்கள் பழைய தெருவில் இருந்தவள். குடித்துவிட்டு வந்த புருஷனைத் துடுப்பால் அடித்துத் தெருமுனை வரை விரட்டியவள். பெயரைச் சொல்லிவிட்டு அப்பா சிரித்தார், அப்படிச் சிரித்து ரொம்ப நாளாயிற்று.

ரோசம்மா நான்கு நிமிஷத்தில் செத்தாள். ஒரு எலி கடித்து.

பிப்ரவரி 17, திங்கள்

இரவில் பெட்ஷீட் இரண்டு நனைந்தன. மாத்திரை சரி. லெட்டர் மேஜை டிராயரில்.

பிப்ரவரி 20, வியாழன்

ஆபீஸில் நஸ்ரினிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். கப்பல் சரக்குக்கு ரசீது (பில் ஆஃப் லேடிங்) டைப் பண்ணுகிற பெண், இருபத்தெட்டு வயது, காயல்பட்டினத்திலிருந்து தினம் பஸ்ஸில் வருகிறாள். விளையாட்டின் பெயரைக் கேட்டதும் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆம்பளைப் பிள்ளைகளே பாதியில் விட்டுவிட்டு ஓடுகிற விளையாட்டாம் அது. அவள் தங்கச்சி ஆறு மாதம் ஆடி முடித்தாளாம். எனக்கு நாற்பத்தேழு வயது. இந்த வயதில் எதற்கக்கா இந்த வேலை என்று கேட்டாள். மெஷின் கெட்டுப்போகாமல் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

அவள் சொல்லித்தான் சட்டம் புரிந்தது. எதிரியைக் கொன்றால் சாம்பல் கிடைக்கும். சாம்பலை விளக்கடியில் கொண்டுபோய்க் கொடுத்தால் ஒரு படி ஏறலாம். படிக்கு ஒரு புள்ளி. பலம், வேகம், குறி, உயிர், தாங்குசக்தி, அறிவு, விசுவாசம் என்று ஏழு பெட்டி, எதில் வேண்டுமானாலும் போடலாம். செத்தால் சேர்த்த சாம்பல் எல்லாம் விழுந்த இடத்திலேயே கிடக்கும். திரும்பப் போய் எடுக்கவேண்டும். போகிற வழியில் செத்தால் அதுவும் போச்சு. விளக்கடியில் உட்கார்ந்து இளைப்பாறலாம், ஆனால் இளைப்பாறினால் கொன்றவர்கள் எல்லாரும் எழுந்து வந்துவிடுவார்கள். துவைத்த பெட்ஷீட்டும் அப்படித்தான், எனக்கு இதொன்றும் புதிதில்லை.

மாலை 6 மாத்திரை. ஏழிலிருந்து எட்டு வரை ஆட்டம். அப்பா பக்கத்தில்.

பிப்ரவரி 24, திங்கள்

நோட்டை டாக்டர் பார்ப்பாரே என்று யோசித்தேன். பார்த்தால் பார்க்கட்டும். நடுக்கத்தை முதல் வரியில் எழுதிவிடுகிறேன், மிச்சத்தை அவர் படிக்கவேண்டாம்.

நடுக்கம் 1.15 முதல் 2.30.

ரோசம்மா பன்னிரண்டாம் படி. எல்லாப் புள்ளியும் உயிரிலும் தாங்குசக்தியிலும் போட்டேன். பெரிய கேடயம் ஒன்று கிடைத்திருக்கிறது. எலியெல்லாம் இப்போது கடித்துக் கடித்துப் பார்த்துவிட்டுப் போகின்றன.

மார்ச் 5, சாம்பல் புதன்

காலைப் பூசை. நெற்றியில் சாம்பலோடு ஆபீஸ். எனக்கு ஒருசந்தி விரதம், நஸ்ரினுக்கு ரம்ஜான் நோன்பு. மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் இரண்டு பேரும் வெறும் கையோடு உட்கார்ந்து ரோசம்மாவைப் பற்றிப் பேசினோம். மேனேஜர் எட்டிப் பார்த்து, ஜெனோவா மேடம், அந்தப் பதில், என்றார். தவக்காலம் முடியட்டும் சார் என்றேன். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தமோ, அவரும் தலையாட்டிவிட்டுப் போனார்.

மார்ச் 9, ஞாயிறு

மூன்றாம் விளக்கைத் தாண்டினால் ஒரு பெரிய வாசல். வாசலில் ஒருத்தன் நிற்கிறான். பனைமர உயரம், கையில் சம்மட்டி. அவனைத் தாண்டாமல் வேறு வழியே கிடையாது.

அப்பா பார்த்ததுமே, "எங்க சூப்பிரண்டு" என்றார். அப்பா ஹார்பரில் முப்பத்திரண்டு வருஷம் கிரேன் ஓட்டியவர். அந்தக் காலத்தில் ஒரு சூப்பிரண்டு இவரை வெயிலில் நிறுத்தியே வைப்பானாம். நடையும் தோளும் அதேதானாம்.

இன்று ஒன்பது தடவை சூப்பிரண்டிடம் செத்தேன். அப்பாவுக்கு அவர் போனஸுக்காக வேலைநிறுத்தம் பண்ணிய நாள் மாதிரி உற்சாகம். கை நடுங்கியதை அவரே கவனிக்கவில்லை. நானும் நேரம் குறிக்க மறந்துவிட்டேன்.

மார்ச் 14, வெள்ளி

கஞ்சி, துவையல். சிலுவைப்பாதைக்குப் போகவில்லை, அப்பாவைத் தனியே விட ஆளில்லை.

செத்தது இதுவரை நாற்பத்தொன்று. என் வழி இதுதான்: கேடயத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பது. அவன் அடிப்பான், நான் தாங்குவேன். களைத்து நிறுத்துவான், அப்போது ஒரு குத்து குத்தலாம் என்று காத்திருக்கிறேன். குத்தினால் அவன் உயிரில் ஒரு நூல் அளவு குறைகிறது. இருபது நிமிஷம் தாங்கியும் கால்வாசி தாண்டவில்லை.

"ஏட்டி, ஏன் நிக்க? திருப்பி அடி" என்றார் அப்பா.

கொஞ்சம் பொறுங்கள், அவன் களைத்துவிடுவான் என்றேன்.

"அவனுக்குக் கை வலிக்கும்னு பாக்கியா? அவன் மிஷினுட்டி. அவனுக்கு எங்க வலிக்கப்போவுது?"

மாத்திரை இரண்டு மணியது இருபது நிமிஷம் தாமதம். முத்துக்கனி அக்கா அசந்து தூங்கிவிட்டாராம். பாவம், அவருக்கும் முதுகு வலி.

மார்ச் 18, செவ்வாய்

ரோசம்மாவின் கணக்குப் பக்கத்தைப் போட்டோ எடுத்துக் கொண்டுபோய் நஸ்ரினிடம் காட்டினேன். படி நாற்பது. உயிர், தாங்குசக்தி இரண்டும் உச்சியில். பலம், வேகம், குறி எல்லாம் பிறந்தபோது இருந்ததுதான்.

நஸ்ரின் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நாற்பது படி ஏறியும் ஒரு புள்ளியாவது கத்திப் பக்கம் போடாத ஆளை அவள் கண்டதே இல்லையாம். "அக்கா, இவ சாகவும் மாட்டா, ஜெயிக்கவும் மாட்டா. இப்புடியே நிப்பா" என்றாள்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குக் கோபம் வந்தது. ஷிப்பிங் பில்லில் ஒரு தப்பைக் கண்டுபிடித்து அவளைத் திட்டினேன். தப்பு என்னுடையது என்று பிறகு தெரிந்தது, மன்னிப்புக் கேட்டேன்.

கோட்டைக்குள் எங்கோ ஒரு குருட்டுத் தையல்காரி இருக்கிறாளாம். அவளிடம் போனால் தையலைப் பிரிக்கிற மாதிரி எல்லாப் புள்ளியையும் பிரித்துக் கையில் கொடுப்பாள், புதிதாகப் போட்டுக்கொள்ளலாம். ஒரே ஒரு தடவை. வேண்டாம் என்றேன். ரோசம்மா இப்படியே இருக்கட்டும்.

மார்ச் 22, சனி

அப்பா பாத்ரூம் வாசலில் விழுந்தார். மாலை 7.20. இடது புருவத்தில் மூன்று தையல். பெரிதாக ஒன்றுமில்லை. தரை ஈரமாக இருந்தது.

மார்ச் 23, ஞாயிறு

அல்போன்ஸ் போனில் அரைமணி நேரம். பாத்ரூமில் ரப்பர் விரிப்பு போடவில்லையா, கைப்பிடி வைக்கவில்லையா, நீ எங்கே இருந்தாய். அப்பா போனை வாங்கி, சோப்பு கிடந்தது, நானே வழுக்கினேன், உன் சோலியைப் பாரு என்று சொல்லி வைத்துவிட்டார்.

மார்ச் 24, திங்கள்

டாக்டருக்கான நோட்டில் பொய் எழுதக்கூடாது.

தரை ஈரமாக இல்லை. சோப்பும் கிடக்கவில்லை. சூப்பிரண்டின் உயிர் பாதிக்குக் கீழே வந்திருந்தது, முதல் தடவையாக. அப்பா பாத்ரூம் போகவேண்டும் என்றார். ஒரு நிமிஷம்ப்பா என்றேன். மறுபடி கூப்பிட்டார். அதுவும் எனக்குக் கேட்டது. காது கேட்காமல் இல்லை, எழுந்திருக்க மனசு வரவில்லை. அவர் தானாகவே எழுந்து போயிருக்கிறார்.

சத்தம் கேட்டு நான் ஓடும்போது கையில் அந்த ரிமோட் இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டுத்தான் அவரைத் தூக்கினேன். பதறிப் போட்டுவிடவில்லை, வைத்தேன்.

வயரைப் பிடுங்கிவிட்டேன்.

மார்ச் 25, செவ்வாய்

மாத்திரை சரி. தையலில் சீழ் இல்லை.

மார்ச் 27, வியாழன்

மாத்திரை சரி. சாயங்காலம் அலமாரி துடைத்தேன், மிளகாய் காயவைத்ததை எடுத்து வைத்தேன், பழைய துணியைப் பிரித்தேன். அப்பா டி.வி.யில் செய்தி பார்த்தார். பார்த்த செய்தியையே திரும்பப் பார்த்தார்.

மார்ச் 30, ஞாயிறு

"சூப்பிரண்டு காத்துக்கிட்டு நிப்பான்" என்றார் அப்பா, கஞ்சி ஊட்டும்போது.

அந்தப் பேச்சு வேண்டாம், தவக்காலம் முடியும்வரை விட்டுவிட்டேன் என்றேன். கருவாட்டை விடு, காப்பியை விடு, அதை மட்டும் விடாதே என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. உங்கள் மண்டையை உடைத்தது அந்த மெஷின்தானே, அதன்மேல் உங்களுக்கு என்ன இவ்வளவு ஆசை என்று கேட்டேன்.

அவருக்கு வார்த்தை வர நேரமாகும். காத்திருந்தேன்.

"அத வச்சாத்தான் நீ எம் பக்கத்துல உக்காருத" என்றார். "இல்லன்னா சட்டி, துணி, மாத்திர. அங்க இங்கன்னு நடந்துக்கிட்டே இருக்க. ஒம் முகத்தயே பாக்க முடியல."

அடுப்படியில் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். ஒரு வீட்டில் ஒன்பது வருஷம் இருந்துகொண்டு அவர் பக்கத்தில் உட்காரவில்லை என்கிறார். உண்மைதான்.

மாலை வயரை மாட்டினேன். இனி ஆட்டத்துக்கு முன் பாத்ரூம், நடுவில் கூப்பிட்டால் ரோசம்மா செத்தாலும் பரவாயில்லை என்று சட்டம்.

ஏப்ரல் 3, வியாழன்

நடுக்கம் 1.30 முதல் 2.15. பரவாயில்லை.

அப்பா விடவில்லை, கடைசியில் தையல்காரியைக் கண்டுபிடித்தோம். பாலத்துக்கு அடியில், சிலந்தி வலைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். நஸ்ரின் வழியைப் படம் வரைந்து கொடுத்திருந்தாள்.

எல்லாப் புள்ளியையும் பிரித்து எடுத்தாள். ரோசம்மா வெறும் ஆளாக நின்றாள். என் விரல் மறுபடி தாங்குசக்தி மேல்தான் போனது. அப்பா கைத்தடியால் தரையைத் தட்டினார். பலம் பத்தொன்பது, வேகம் பதினைந்து, மிச்சம் உயிர். தாங்குசக்தியில் ஒன்றும் போடவில்லை. பெரிய கேடயத்தை இனி அவளால் தூக்கவே முடியாது, கழற்றி வைக்கவேண்டியதாயிற்று. அவளைப் பார்க்கவே எனக்குச் சங்கடமாக இருந்தது.

சூப்பிரண்டிடம் போனோம். அவன் அடித்தது இரண்டே அடி, ரோசம்மா செத்தாள்.

ஏப்ரல் 7, திங்கள்

இரண்டு அடியில் சாகிறவளுக்கு ஒவ்வொரு அடியும் பயமாக இருக்கிறது. நின்று தாங்க முடியாது என்றால் விலகவேண்டும், விலகினால் திரும்பி அடிக்கவேண்டும். முன்பு இருபது நிமிஷம் பிழைத்திருப்பேன், இப்போது ஒரு நிமிஷம். ஆனால் அந்த ஒரு நிமிஷத்தில் அவனுக்கு விழுகிற அடி இருக்கிறதே.

பஸ்ஸில் வரும்போது அல்போன்ஸ் ஞாபகம். அம்மா செத்த பதினாறாம் நாள், அப்பாவை யார் பார்ப்பது என்று யாரும் கேட்கவில்லை. நான் கல்யாணம் பண்ணவில்லை, இங்கே இருக்கிறேன், அவ்வளவுதான். முதல் வருஷம், அவன் வீடு கட்டுகிறான் என்று நினைத்தேன். பிறகு மெர்லின் பத்தாவது. பிறகு அவன் மனைவி ஷீபாவுக்கு முட்டி ஆபரேஷன். அவனாக ஒருநாள், யக்கா நீ களைத்துப்போயிருப்பாய், இனி நான் பார்க்கிறேன் என்று சொல்வான் என்று இருந்தேன். நான் பொறுக்கப் பொறுக்க அவனுக்கு எப்படித் தெரியும், நன்றாகத்தானே போகிறது என்று இருந்திருப்பான். அவன்மேல் இருக்கிற கோபத்தைவிட என்மேல்தான் எனக்குக் கோபம் அதிகம்.

டிராயரைத் திறந்து லெட்டரை எடுத்துப் படித்தேன். மறுபடி வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

ஜெயித்தோம்.

மாலை 7.35. மொத்தம் நூற்றுப் பதினெட்டுச் சாவு. சூப்பிரண்டு முழங்கால் மடங்கி விழுந்தான், சம்மட்டி தனியாக உருண்டது. அப்பா எழுந்து நிற்கப் பார்த்தார், நான் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேரும் சிரித்து எனக்கு இருமல் வந்துவிட்டது. பக்கத்து வீட்டில் என்னவென்று கேட்டார்கள்.

வாசலுக்கு அந்தப் பக்கம் படிக்கட்டு. படிக்கட்டு முடிகிற இடத்தில் இன்னொரு வாசல், அங்கே இரண்டு பேர் நிற்கிறார்கள். இன்றைக்கு இது போதும் என்று அணைத்துவிட்டேன்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

முத்துக்கனி அக்கா மூன்று மணிநேரம் வந்து இருந்ததால் கோவிலுக்குப் போக முடிந்தது. முட்டி போட்டேன், எழ முடியவில்லை. பக்கத்தில் இருந்த அம்மா கைகொடுத்துத் தூக்கினாள்.

அல்போன்ஸ் குடும்பம் நாளை வருகிறது. மெர்லின் பரீட்சை முடிந்தது, மெஷினை எடுத்துப்போக வேண்டும். திங்கள் இருபத்தொன்று, கொச்சிக்குப் பதில் கொடுக்கக் கடைசி நாள்.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

மட்டன் பிரியாணி. ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக அல்போன்ஸ் பூசைக்கு அப்பாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனான். பத்துப் பேர் பார்த்துப் பாராட்டினார்கள்.

சாப்பிட்டுவிட்டு எல்லாரும் ஹாலில் இருந்தோம். ஷீபா ஏலக்காய் டீ போட்டுக்கொண்டு வந்தாள். "மைனி மாதிரி யாராலயும் முடியாது. எங்க சர்ச்சுல உங்களப் பத்தித்தான் சொல்லிக்கிட்டே இருப்பேன்" என்றாள். அவள் மனசில் கள்ளம் கிடையாது, நிஜமாகவே சொன்னாள். அல்போன்ஸும் ஆமாம் என்றான். அப்பா இங்கே இருந்தால்தான் சந்தோஷமாக இருப்பார், சென்னைத் தண்ணி ஒத்துக்கொள்ளாது என்றான். இன்னும் ஒரு பத்து வருஷத்துக்கு எனக்குப் பதக்கம் குத்திவிட்ட மாதிரி இருந்தது.

நான் டீயைக் கீழே வைத்தேன்.

"அல்போன்ஸ், அப்பாவ நீ கூட்டிட்டுப் போ. மே ஒன்னாந் தேதி நான் கொச்சிக்குக் கெளம்புதேன்."

"திடீர்னு சொன்னா எப்படிக்கா?"

"திடீர்னு இல்ல. ஒம்போது வருசம் கழிச்சுச் சொல்லுதேன்."

அவன் என்னென்னவோ சொன்னான். மூன்றாவது மாடி, லிஃப்ட் அடிக்கடி நின்றுபோகிறது, மெர்லின் காலேஜ், ஷீபாவுக்கு முட்டி. ஒரு நல்ல ஹோம் பார்க்கலாம் என்றான். பார்ப்பதானால் நீ பார், அதை அப்பாவிடம் நீயே சொல்லு என்றேன். எனக்கு வேலை மாற்றம் கொடுத்தது இது மூன்றாம் தடவை, இரண்டு தடவை உன்னிடம் சொல்லாமலே வேண்டாமென்று எழுதிக் கொடுத்தேன் என்றும் சொன்னேன். அவனுக்கு அது தெரியாது. முகம் மாறிவிட்டது. சரிக்கா என்றான். அவ்வளவு சுலபமாகச் சொன்னான். ஒன்பது வருஷத்தில் நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

அப்போதுதான் அப்பா பேசினார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு அங்கேயேதான் இருந்தார். நான் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நான் போமாட்டேன்" என்றார். "ஏட்டி, எனக்குப் பயமா இருக்கு. என்ன அனுப்பாத."

தம்பியிடம் சொல்ல இரண்டு வாரமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன். இதற்கு ஒத்திகை இல்லை. அவர் முன்னால் உட்கார்ந்து, போகணும்ப்பா என்றேன். இன்னொரு தடவை அனுப்பாதே என்றார். போகணும்ப்பா என்றேன்.

மாலை 6 மாத்திரையை என் கையால் வாங்கவில்லை. ஷீபா கொடுத்தாள்.

ஏப்ரல் 21, திங்கள்

பதில் கொடுத்துவிட்டேன். மேனேஜர் கைகொடுத்தார். நஸ்ரின் அழுதாள். நான் பில் பார்த்தேன்.

ஏப்ரல் 26, சனி

அப்பா என்னோடு பேசுவதில்லை. முத்துக்கனி அக்காவோடு பேசுகிறார். குளிப்பாட்டும்போது கண்ணை மூடிக்கொள்கிறார்.

மாத்திரை நேரம், நடுக்க நேரம் எல்லாவற்றையும் ஷீபாவுக்காகத் தனித் தாளில் எடுத்து எழுதினேன். இந்த நோட்டை அப்படியே கொடுக்க முடியாது. நான்கு பக்கம் வந்தது. கஞ்சி எவ்வளவு கெட்டியாக இருக்கவேண்டும், எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பார், சட்டைப் பட்டனை மேலிருந்து போடவேண்டும் என்றெல்லாம் எழுதிக்கொண்டே போனேன். பிறகு பட்டன் விஷயத்தை அடித்துவிட்டேன், அவளுக்குத் தெரியாதா என்ன.

ஏப்ரல் 29, செவ்வாய்

அல்போன்ஸ் காரில் வந்து கூட்டிப்போனான். டிக்கியில் மெஷின், பின்சீட்டில் அப்பா. நான் பெல்ட்டை மாட்டிவிட்டேன். போய்ட்டு வாங்கப்பா என்றேன். அவர் அந்தப் பக்க ஜன்னலைப் பார்த்தார்.

கார் போனதும் முத்துக்கனி அக்கா வாசலிலேயே உட்கார்ந்து அழுதார். நான் வீட்டைக் கூட்டினேன். பத்து மணிக்கு மாத்திரை எடுக்கப் போய்ப் பெட்டி இல்லாததைப் பார்த்தேன்.

மே 5, திங்கள்

கொச்சி. முதல் நாள். பதினோரு பேர், எல்லாரும் மலையாளத்தில் வேகமாகப் பேசுகிறார்கள். மழை. ஹாஸ்டல் அறையில் ஒரு கட்டில், ஒரு மேஜை. ஆறு மணிக்கு முழிப்பு வந்து எழுந்து உட்கார்ந்தேன், செய்ய ஒன்றும் இல்லை.

அப்பா போனுக்கு வரவில்லை.

மே 8, வியாழன்

வரவில்லை.

மே 12, திங்கள்

வரவில்லை. நன்றாகச் சாப்பிடுகிறார், மோஷன் சரி, லிஃப்ட் இரண்டு நாளாக வேலை செய்யவில்லை என்றாள் ஷீபா. குரல் களைத்திருந்தது. அந்தக் களைப்பு எனக்குத் தெரியும். பாவமாக இருந்தது, கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. பாவமாக இருந்தது என்று மட்டும் எழுதியிருக்கலாம்.

மே 18, ஞாயிறு

காலை பத்தரைக்கு அல்போன்ஸ் நம்பரிலிருந்து போன். எடுத்தால் அப்பா. மூச்சை வைத்தே தெரிந்தது. அவருக்கு வார்த்தை வர நேரமாகும். ஜன்னலோரம் நின்று காத்திருந்தேன்.

எப்படி இருக்கீங்க என்றேன்.

"நேத்து படுக்கையிலேயே போயிட்டேன்" என்றார். "அவன்தான் தொடச்சான். ஒண்ணும் சொல்லல. ஆனா மூஞ்சத் திருப்பிக்கிட்டான்." கொஞ்சம் விட்டு, "நீ ஒருநாளும் திருப்பினதில்ல" என்றார்.

சரிப்பா என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது.

"திருப்பியிருக்கேம்ப்பா. எத்தனையோ தடவ. நீங்க பாக்கல."

மறுமுனையில் ஃபேன் சத்தம் கேட்டது. வைத்துவிட்டார் என்றே நினைத்தேன்.

"பாத்திருக்கேன் ஏட்டி" என்றார். "பாத்தேன்னு தெரிஞ்சா நீ வருத்தப்படுவன்னு கண்ண மூடிக்கிடுவேன்."

கட்டிலில் உட்கார்ந்தேன். அவர் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.